அட்டையின் முதுகு

பழைய டிரேட் கார்டு சேர்ப்பவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நானும் சேர்ப்பவன்தான். அதனால் இதைப் பங்காளிச் சண்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது எந்தக் கூட்டத்தை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப்போல மென்பொருள் வேலை பார்ப்பவர்கள், கையில் கொஞ்சம் காசும் இரவில் கொஞ்சம் தூக்கமின்மையும் இருப்பவர்கள். ஆன்லைன் ஏலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அட்டைகளை வாங்குகிறார்கள். தையல் மெஷின், அறுவடை இயந்திரம், நீராவி எஞ்சின், தொலைபேசி. ஃப்ரேம் போட்டு, வீடியோ காலில் தலைக்குப் பின்னால் தெரிகிற மாதிரி மாட்டுகிறார்கள். என்ன இது என்று யாராவது கேட்டால் "தொழில்நுட்ப வரலாறு சேகரிக்கிறேன்" என்கிறார்கள்.

இல்லை ஐயா. நீங்கள் சேகரிப்பது விளம்பரம். நூற்று நாற்பது வருஷம் முன்னால் ஒரு கம்பெனி காசு செலவழித்து ஊருக்குச் சொன்ன கதையை, இன்றைக்கு நீங்கள் உங்கள் காசு செலவழித்துத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். விளம்பரத்தைச் சேர்ப்பதில் தப்பே கிடையாது. அதை வரலாறு என்று சொல்லிச் சேர்ப்பதுதான் என் பிரச்சினை. அப்படிச் சொல்லும்போது அந்தப் படத்தில் இல்லாத ஆட்கள் இரண்டாவது முறையாகக் காணாமல் போகிறார்கள்.

இந்த அட்டைகளைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். உள்ளங்கை அளவு கெட்டிக் காகிதம். முன்பக்கம் பல வண்ணப் படம், பின்பக்கம் பொருளைப் பற்றிய வாசகம் அல்லது வெற்றிடம். அமெரிக்காவில் 1876 பிலடெல்பியா கண்காட்சிக்குப் பிறகு இது வெள்ளம்போலப் பெருகியது. அந்தக் கண்காட்சியில்தான் கிரஹாம் பெல்லின் தொலைபேசியும், கார்லிஸ் என்ற ராட்சச நீராவி எஞ்சினும் காட்சிக்கு வைக்கப்பட்டன. மளிகைக் கடையில் நூல் வாங்கினால் ஒரு அட்டை இலவசம். சோப்பு, மருந்து, காபி, கலப்பை, எதற்கும் ஒரு அட்டை. 1900 வாக்கில் பத்திரிகை விளம்பரங்களும் அஞ்சலட்டைகளும் வந்து இதை ஓரங்கட்டிவிட்டன. ஐரோப்பாவில் கதை இன்னும் நீளம். லீபிக் என்ற மாட்டிறைச்சிச் சாறு கம்பெனி, ஆறு ஆறு அட்டைகளாக விதவிதமான வரிசைகளை 1870களில் தொடங்கி 1975 வரை விடாமல் வெளியிட்டது. அப்புறம் சிகரெட் பெட்டி அட்டைகள். அதற்கு வருகிறேன்.

படங்கள் அழகு. அதை மறுக்கிறவன் கண்ணில்லாதவன். குரோமோலித்தோகிராஃபி என்ற கல் அச்சு முறை அது. பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊரில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்குள்ள மையால் வரைய வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். நல்ல லீபிக் அட்டை என்றால் பத்துப் பன்னிரண்டு கற்கள் வரை போகும். அத்தனை கல்லிலும் காகிதம் இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு கன்னத்தின் சிவப்பு நூற்றுக்கணக்கான புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் கையால் வைத்தது. பெரும்பாலான அட்டைகளில் அந்தக் கைக்குக் கையெழுத்து கிடையாது. கம்பெனி பெயர் இருக்கும், சில சமயம் அச்சகத்தின் பெயர் ஓரத்தில் எறும்பு சைஸில் இருக்கும். அவ்வளவுதான். கண்டுபிடிப்பைக் காட்டும் அட்டையே ஒரு கண்டுபிடிப்புதான். ஆனால் "கண்டுபிடிப்புகள்" என்று ஆல்பம் போடுகிறவர்கள் படத்தில் இருக்கும் மெஷினை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள்.

இப்போது சந்தைக்கு வருவோம். இன்றைக்கு அட்டை உலகத்தை ஆட்டிப்படைப்பது கிரேடிங். ஒரு கம்பெனிக்கு உங்கள் அட்டையை அனுப்பினால், மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் நிரந்தரமாக அடைத்துத் திருப்பித் தருவார்கள். அதற்கு ஸ்லாப் என்று பெயர். விளையாட்டு அட்டைகளில் தொடங்கிய நோய் இது. இப்போது தையல் மெஷின் அட்டைக்கும் தொற்றிவிட்டது. ஒரு காகிதத்தின் வாழ்க்கையில் எதுவுமே நடக்காமல் இருந்தால் பத்து மார்க். யாரும் தொடவில்லை, யாரும் மடிக்கவில்லை, எந்தக் குழந்தையும் அதன்மேல் பால் சிந்தவில்லை என்றால் முதல் ரேங்க்.

இந்த மார்க்கு விவகாரத்தின் ஆதி கதை தெரியுமா? அட்டை உலகின் கோஹினூர், ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் சிகரெட் அட்டை. 1909 முதல் 1911க்குள் அமெரிக்கன் டொபாகோ கம்பெனி வெளியிட்டது. மிகச் சில பிரதிகளே மிச்சம். பிஎஸ்ஏ என்ற கிரேடிங் கம்பெனி 1991இல் தொடங்கியபோது முதல் நம்பர் சான்றிதழ் வாங்கியது அந்த அட்டையின் ஒரு பிரதிதான். எட்டு மார்க். இவ்வளவு பழைய காகிதத்துக்கு எப்படி இத்தனை கூரான ஓரம் என்று பல வருஷம் முணுமுணுப்பு இருந்தது. 2013இல் பில் மாஸ்ட்ரோ என்ற பிரபல ஏலதாரர் ஒரு மோசடி வழக்கில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், அந்த அட்டையின் ஓரத்தை வெட்டிச் சீர்செய்தது தான்தான் என்று. ஆக, மொத்த அமைப்பின் முதல் சான்றிதழே ஓரம் நறுக்கப்பட்ட அட்டைக்குத்தான் கிடைத்திருக்கிறது. சந்தை அதிர்ந்ததா? கொஞ்சமும் இல்லை. அதே வாக்னரின் வேறொரு பிரதி 2022இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது.

இதற்கு நேரெதிரான ஒரு ஆளும் இருந்தார். ஜெஃபர்சன் பர்டிக். சிராக்யூஸ் நகரில் ஒரு தொழிற்சாலையில் மின்சாதன பாகங்களைப் பொருத்தும் வேலை. பணக்காரர் கிடையாது. மூட்டுவாதம் கைகளை முடக்கிக்கொண்டே வந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளைச் சேர்த்து நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. பல வருஷம் அங்கேயே உட்கார்ந்து தன் கையால் ஆல்பங்களில் ஒட்டி அடுக்கினார். 1963 தொடக்கத்தில் வேலையை முடித்தார், இரண்டு மாதத்தில் செத்துப்போனார். பேஸ்பால் அட்டையும், சோடா மூடி மாதிரி யாரும் சீந்தாத வணிக லேபிளும் அவருக்கு ஒன்றுதான். இன்றைய சேகரிப்பாளர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது தலையில் அடித்துக்கொள்கிறார்கள். "ஒட்டிட்டாரே, பசை போட்டு ஒட்டிட்டாரே!" எனக்கும் அதில் வருத்தம் உண்டு, ஆனால் வேறு காரணத்துக்காக. ஒட்டியதால் பின்பக்கம் மூடிக்கொண்டது.

பின்பக்கம்தான் விஷயம்.

என்னிடம் ஒரு நூல் கம்பெனி அட்டை இருக்கிறது. முன்பக்கம் வழக்கமான சமாச்சாரம், கன்னம் உப்பிய குழந்தை, நூல்கண்டு. பின்பக்கம் ஒரு ஊர்க் கடையின் ரப்பர் ஸ்டாம்ப், கொஞ்சம் சாய்ந்து. அதன் கீழே பென்சிலில் ஒரு கூட்டல் கணக்கு. ஐந்து வரி. கடைசிக் கூட்டுத்தொகை தப்பு. விற்றவர் விவரக்குறிப்பில் "பின்பக்கம் எழுத்து உள்ளது, குறைபாடு" என்று போட்டிருந்தார், அதனால்தான் எனக்கு மலிவாகக் கிடைத்தது. எந்த அட்டையில் ஒரு மனிதரின் தடயம் இருக்கிறதோ அதற்கு விலை குறைவு என்பதை ஒரு சந்தை விதியாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு லாபம்தான். ஆனால் இந்த விதி தினசரி என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

இந்த அட்டைகளை அந்தக் காலத்தில் சேர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். ஸ்கிராப்புக்கில் ஒட்டினார்கள். எதை எதற்குப் பக்கத்தில் ஒட்டுவது, எதை வெட்டி எதன்மேல் வைப்பது என்பதெல்லாம் அவர்கள் தீர்மானம். எலன் க்ரூபர் கார்வி என்ற ஆய்வாளர் 1996இல் வந்த 'தி ஆட்மேன் இன் தி பார்லர்' என்ற நூலில் இந்த ஸ்கிராப்புக்குகளை உட்கார்ந்து படித்திருக்கிறார். கடைக்காரன் சொன்ன கதையை வீட்டுக்குள் இருந்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்ட இடம் அது. இன்று அப்படி ஒரு ஆல்பம் வியாபாரி கையில் கிடைத்தால் என்ன ஆகும்? முழு ஆல்பமாக விற்பதைவிட உதிரியாக விற்றால் காசு அதிகம். தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்தெடுப்பார்கள். பசை கரையும், பின்பக்க எழுத்து சில சமயம் சேர்ந்தே கரையும். ஒரு பெண் பல வருஷம் அடுக்கிய வரிசை ஒரு பிற்பகலில் முப்பது ஏலங்களாகச் சிதறிவிடும். வாங்குகிறவர் "வரலாற்றைக் காப்பாற்றினேன்" என்று ஃப்ரேம் போடுவார். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் ஒரு வீட்டுக் கதவு ஒரு பக்கமும் அதன் நிலை இன்னொரு பக்கமும் கிடப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, முன்பக்கத்தையே பார்ப்போம் என்று வைத்துக்கொள்வோம். அது என்ன சொல்கிறது?

தையல் மெஷின் அட்டைகளைப் பார்த்தால் அந்த மெஷின் சிங்கர் என்ற ஒரு மேதையின் மண்டையிலிருந்து முழுசாகக் குதித்து வந்த மாதிரித் தோன்றும். உண்மையில் அது பல பேர் அடித்துக்கொண்ட சொத்து வழக்கு. பிரான்சில் தையல்காரர் திமோனியே 1830இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வேலை போய்விடும் என்று பயந்த பாரிஸ் தையல்காரர்கள் அடுத்த வருஷம் அவருடைய பட்டறையை உடைத்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவுக்கு 1846இல் காப்புரிமை. ஐசக் சிங்கருக்கு 1851இல். ஆளாளுக்கு வழக்குப் போட்டு, யாரும் மெஷின் விற்க முடியாத நிலை வந்தபோது 1856இல் கம்பெனிகள் கூடி எல்லாக் காப்புரிமைகளையும் ஒரே பானையில் போட்டார்கள். ஹோவுக்கு ஒரு மெஷினுக்கு ஐந்து டாலர் என்று படியளந்தார்கள்.

அப்படியும் மெஷின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தது. அதே 1856இல் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் ஒரு விஷயத்தைக் கொண்டுவந்தார். தவணை. கொஞ்சம் முன்பணம், மிச்சம் மாதாமாதம். சிங்கர் உலகம் முழுக்கப் போனது ஊசியால் மட்டும் இல்லை, இந்தத் தவணையாலும்தான். இன்று நாம் ஃபோனுக்குக் கட்டும் இஎம்ஐயின் கொள்ளுத்தாத்தா அது. கட்ட முடியாத வீட்டிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் அந்தக் கண்டுபிடிப்பின் பாகம்தான். நான் பார்த்த சிங்கர் அட்டைகளில் ஊசி இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, தவணைப் புத்தகத்தோடு வாசலில் நிற்கும் ஆள் மட்டும் இல்லை.

சிங்கர் 1892இல் வெளியிட்ட ஒரு வரிசை சேகரிப்பாளர்களிடையே பிரசித்தம். நாட்டுக்கு ஒரு அட்டை, அந்தந்த நாட்டு உடையில் மனிதர்கள், நடுவில் மெஷின். இந்தியா உண்டு, ஜூலுலாந்து உண்டு. பின்பக்கம் அந்த நாட்டைப் பற்றி ஒரு பத்திப் பாடம். உலகமே ஒரு மெஷினைச் சுற்றி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது என்று அந்தப் படங்கள் சொல்கின்றன. அந்த மெஷின்களைச் செய்தவர்கள் எவ்வளவு அமைதியாக இருந்தார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் மெக்கார்மிக். அறுவடை இயந்திர அட்டைகளின் ராஜா. தங்க நிறக் கோதுமை வயல், கொழுத்த குதிரைகள், தொப்பி போட்ட விவசாயி. 1831இல் வர்ஜீனியாவில் சைரஸ் மெக்கார்மிக் கண்டுபிடித்தார், முடிந்தது கதை. அவருடைய அப்பா ராபர்ட் அதற்கு முன்பே பல வருஷம் அந்த யோசனையோடு மல்லுக்கட்டியவர் என்பதும், அந்தக் குடும்பத்தில் அடிமையாக இருந்த ஜோ ஆண்டர்சன் சைரஸோடு சேர்ந்து அந்த மெஷினைக் கட்டினார் என்பதும், ஓபெட் ஹஸி என்பவர் 1833இல், மெக்கார்மிக்குக்கு முன்னாலேயே, காப்புரிமை வாங்கினார் என்பதும் அட்டையில் இடம் பிடிக்கவில்லை.

இது பரவாயில்லை, விளம்பரம் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். 1880களின் சிகாகோ தொழிற்சாலையை விட முடியாது. அங்கே இரும்பு வார்ப்புத் தொழிலாளர்களுக்கு ஒரு வலுவான சங்கம் இருந்தது. நிர்வாகம் காற்றழுத்தத்தில் இயங்கும் புதிய வார்ப்பு மெஷின்களைக் கொண்டுவந்து இறக்கியது. லாங்டன் வின்னர் 1980இல் எழுதிய, தொழில்நுட்பம் படிக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கட்டுரையில் இதைச் சொல்கிறார்: அரை மில்லியன் டாலர் செலவு, வார்ப்புகளின் தரம் முன்பைவிட மட்டம், உற்பத்திச் செலவு முன்பைவிட அதிகம். மூன்று வருஷத்தில் அந்த மெஷின்களை ஓரங்கட்டிவிட்டார்கள். அதற்குள் அவை வந்த வேலை முடிந்திருந்தது. சங்கம் உடைந்துவிட்டது. நம் கல்லூரியில் "செயல்திறன்" என்று ஒரே ஒரு அளவுகோலைக் கொடுத்து அனுப்பினார்களே, அதை இந்த மெஷின்களின் மேல் வைத்துப் பாருங்கள். படுதோல்வி. ஆனால் வாங்கியவருக்கு முழு வெற்றி.

1886 மே 3. அந்தத் தொழிற்சாலை வாசலில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது போலீஸ் சுட்டது. மறுநாள் அதைக் கண்டித்துக் கூட்டம் நடந்த இடம்தான் ஹேமார்க்கெட். மே தினம் உலகத் தொழிலாளர் தினமானது அந்த நாட்களின் நினைவாக. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார் என்று நாம் பெருமைப்படுகிறோமே, அந்தக் கயிற்றின் மறுமுனை இந்த அட்டையில் இருக்கும் கம்பெனியின் வாசலில் கட்டியிருக்கிறது. தங்க வயலை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொண்டு மே ஒன்றாம் தேதி லீவு எடுக்கிற நண்பர்களே, இரண்டும் ஒரே கதை.

சிகரெட் அட்டைகள் இதைவிட வேடிக்கை. பிரிஸ்டலின் வில்ஸ் கம்பெனி 1915இல் "புகழ்பெற்ற கண்டுபிடிப்புகள்" என்று 50 அட்டைகள் வெளியிட்டது. நம் வயதுக்காரர்களுக்கு வில்ஸ் என்றால் 1996 உலகக் கோப்பை. அதே வில்ஸ்தான். சிகரெட் பெட்டிக்குள் அட்டை வைக்கும் வழக்கமே பெட்டி நசுங்காமல் இருக்க ஒரு முட்டுக்கொடுப்பாகத்தான் வந்தது. அத்தனை பெட்டிகள் எங்கிருந்து வந்தன? ஜேம்ஸ் பொன்சாக் 1881இல் காப்புரிமை வாங்கிய சிகரெட் சுற்றும் மெஷினிலிருந்து. ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றும். அதுவரை அந்த வேலையைச் செய்தவை விரல்கள், பெரும்பாலும் இளம்பெண்களின் விரல்கள். நன்றாகப் பழகிய கை ஒரு நாளில் சில ஆயிரம் சுற்றினால் பெரிய விஷயம். வில்ஸ் 1883இல் பிரிட்டனுக்கான உரிமையை வாங்கிவிட்டது. அதாவது, கண்டுபிடிப்புகளின் பெருமை பேசும் அந்த அட்டை அச்சாவதற்கே ஒரு கண்டுபிடிப்பு பல ஆயிரம் விரல்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பீடி சுற்றும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த விரல்களை எனக்கு விவரிக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் ஒரு நண்பனிடம் சொன்னேன். நல்ல சேகரிப்பாளன், என்னைவிடப் பெரிய சம்பளம், அதனால் என்னைவிட நல்ல அட்டைகள். "மச்சி, அழகா இருக்குன்னு வாங்கறேன்டா. எல்லாத்துலயும் அரசியல் பேசாத. ஸ்டாம்ப் சேக்கறவன்கிட்ட போய் காலனியாதிக்கம்னு லெக்சர் எடுப்பியா?"

எடுப்பேன் என்று சொன்னேன், சிரித்தான். ஆனால் அவன் வாதத்தில் இருக்கும் நேர்மையான பாதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அழகுக்காக வாங்குகிறான், சரி. அந்த அழகு எங்கே இருக்கிறது? மெஷினில் இல்லை. நிஜ மெக்கார்மிக் மெஷின் எண்ணெயும் தூசியுமாக இருந்திருக்கும். அழகு அந்தப் புள்ளிகளில் இருக்கிறது, பன்னிரண்டு கல்லையும் பிசகாமல் அடுக்கிய அச்சகத் தொழிலாளியின் கண்ணில் இருக்கிறது. ஆக, அழகை மட்டும் பார்க்கிறேன் என்று சொன்னாலும் பெயரில்லாத ஒரு தொழிலாளியிடம்தான் போய் நிற்க வேண்டும். அங்கே நிற்காமல் "ஆகா, அந்தக் காலத்து மெஷின் எவ்வளவு அழகு" என்று சொல்கிறவன் அழகையும் பார்க்கவில்லை, மெஷினையும் பார்க்கவில்லை. கம்பெனி எங்கே பார்க்கச் சொன்னதோ அங்கே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"விளம்பரம் பொய் சொல்லும்னு எல்லாருக்கும் தெரியும்டா" என்றும் சொன்னான். தெரியுமா? தையல் மெஷின் வரலாறு என்று இணையத்தில் தேடினால் படமாக வந்து நிற்பது இந்த அட்டைதான். காரணம் சாதாரணமானது. வண்ணம் இருக்கிறது, காப்புரிமை காலாவதி, நல்ல ஸ்கேன் கிடைக்கிறது. வேலைநிறுத்தத்தின் புகைப்படம் மங்கலான கறுப்பு வெள்ளை, ஏதோ உள்ளூர் ஆவணக் காப்பகத்தின் பெட்டியில் இருக்கும். எழுதுகிறவர் அவசரத்தில் அட்டையைப் போட்டுவிடுவார். இப்படி ஆயிரம் பேர் போட்டால் விளம்பரம் ஆவணமாகிவிடுகிறது. யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, தேடல் முடிவின் வரிசை போதும்.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் இந்த அட்டைகள்மேல் விழுந்து விழுந்து ஆசைப்படுவதற்கு ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். நாங்கள் இன்றைக்கும் அட்டைதான் அச்சடிக்கிறோம். ஒரு தயாரிப்பு வெளியீட்டு வீடியோவைப் பாருங்கள். வெள்ளைப் பின்னணி, மிதக்கும் திரை, ஒரே ஒரு நிறுவனர். ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடித்து எழுந்து சர்வரைத் தூக்கி நிறுத்தும் பெண் அதில் இல்லை. படங்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டு ஏதோ சின்ன ஊரில் மணிக்கூலிக்கு உட்கார்ந்திருக்கும் பையன் இல்லை. லேப்டாப் மூடி முழுக்க நாங்கள் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர்கள் வேறென்ன? அதே இலவசச் சரக்கு, அதே பெருமிதம். செத்துப்போன ஸ்டார்ட்அப்பின் ஸ்டிக்கருக்கு இப்போதே ஒரு சின்னச் சந்தை உருவாகிவிட்டது. இன்னும் நூறு வருஷத்தில் அதற்கும் யாராவது மார்க் போட்டு ஸ்லாபில் அடைப்பார்கள். அப்போது யாராவது அந்த ஸ்டார்ட்அப் ஆட்களைத் துரத்திய மின்னஞ்சலையும் பக்கத்தில் வைத்தால் நன்றாக இருக்கும்.

சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேருங்கள், ஆனால் முதுகோடு சேருங்கள். ஆல்பம் கிடைத்தால் ஆல்பமாகவே வாங்குங்கள், பணம் பத்தாது என்றால் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள், பிரிக்காதீர்கள். இணையத்தில் போடும்போது பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போடுங்கள், வெற்றிடமாக இருந்தாலும். பென்சில் கிறுக்கலை ரப்பர் வைத்து அழிக்கிற பாவத்தை மட்டும் செய்யாதீர்கள். சுவரில் மாட்டியே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் இன்னொரு ஃப்ரேம் மாட்டுங்கள், அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களின் புகைப்படம் ஒன்று. கண்ணை உறுத்துகிறதா என்று பாருங்கள்.

கிளைட்பேங்க் கதையைச் சொல்வதாகச் சொன்னேன். ஸ்காட்லாந்தில் கிளைட் நதிக்கரையில் 1885இல் திறந்த சிங்கர் தொழிற்சாலை, ஐரோப்பாவின் மிகப் பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று. நம் ஊர் வீடுகளில் மூலையில் துணி மூடிக் கிடக்கும் பழைய சிங்கர் மெஷின்களில் பல அங்கே பிறந்தவை. மேடையில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்து ஊரையும் வருஷத்தையும் கண்டுபிடித்துவிடலாம். 1911 மார்ச்சில் அங்கே மெஷினின் மரப்பெட்டிக்குப் பாலிஷ் போடும் பெண்களின் பிரிவில் ஆளைக் குறைத்து, மிச்சமிருந்த 12 பேர் தலையில் மொத்த வேலையையும் கட்டினார்கள். அவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். சில நாட்களுக்குள் சுமார் 11,000 பேர் வெளியே. பின்னாளில் பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் தலைவரான ஆர்தர் மக்மேனஸ் அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர்.

நிர்வாகம் பேச்சுவார்த்தைக்குப் போகவில்லை. ஒவ்வொரு தொழிலாளியின் வீட்டுக்கும் தபாலில் ஒரு அட்டை அனுப்பியது. வேலைக்குத் திரும்பச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பு, 6,000 கையெழுத்து வந்ததும் தொழிற்சாலையைத் திறக்கிறோம் என்று. ஒன்றாக நின்றவர்களை ஒவ்வொரு சமையலறை மேஜையிலும் தனித்தனியாக உட்காரவைத்த அட்டை அது. போதுமான கையெழுத்து கிடைத்துவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது. ஏப்ரலில் போராட்டம் முடிந்தது. அதன்பின் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களை, சங்கத்துக்காரர்களை என்று 400 பேருக்கு மேல் வெளியே அனுப்பினார்கள். 1892இன் இந்திய அட்டையையும் ஜூலுலாந்து அட்டையையும் வெளியிட்ட அதே கம்பெனி அனுப்பிய அட்டை. நான் இத்தனை வருஷம் பார்த்த எந்த ஏலப் பட்டியலிலும், எந்தச் சேகரிப்பாளரின் ஆல்பத்திலும் அது இல்லை. வண்ணம் கிடையாது, குழந்தை கிடையாது, யார் வாங்குவார்கள்.

அந்த 1911 அட்டை ஒன்று எங்கேயாவது உங்கள் கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள். மூலை மடங்கியிருக்கலாம், கிழிந்திருக்கலாம், தேநீர்க் கறை இருந்தாலும் சரி. கையெழுத்துப் போட்டதோ போடாததோ, எதுவானாலும் சரி. என்னிடம் இருக்கும் நாட்டு உடை வரிசை முழுவதையும் பதிலுக்குத் தருகிறேன்.